பிக்கப்பில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்: ஒரு சக்கரம் மட்டும் சுழல்வது பழுதா, இயல்பா?

கேள்வி: சுமைப்பெட்டி

வணக்கம். நான் அண்மையில் வாங்கிய பழைய பிக்கப், பின்சக்கர இயக்கம் மட்டும் கொண்டது. இன்ஜின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பகிர்ந்து, திருப்பத்தில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல்; அதன் பின் அச்சில் இருப்பது, ஒரு சக்கரம் மட்டும் தனியே வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை என்று விற்றவர் சொன்னார். ஆனால் அதன் போக்கு எனக்கு முன்னுக்குப் பின் முரணாகத் தெரிகிறது. ஒரு பின்சக்கரம் பள்ளத்தின் மேல் தொங்கும்படி வண்டி நின்றுவிட்டால், தொங்கும் சக்கரம் மட்டுமே சுழல்கிறது, வண்டி நகர்வதில்லை. அதே வண்டியில் பெட்டி காலியாக இருக்கும்போது, ஈரச் சாலையில் திரும்பிக்கொண்டே ஆக்ஸிலேட்டரைச் சற்று அழுத்தினால், பின்பக்கம் வெளிப்புறமாக வீசிக்கொண்டு போகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் கொண்ட என் முந்தைய வண்டி இப்படிச் செய்ததில்லை. மேலும், ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது பின்னாலிருந்து முனகல் ஒலியும் அதிர்வும் வருகின்றன. இவற்றில் எது பழுது, எது இயல்பு என்று விளக்க முடியுமா?

மறுமொழி 1: அச்சும் பினியனும்

முதல் இரண்டும் பழுதாக இருக்க வேண்டியதில்லை. சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே (சுழற்றும் விசையையே) தருகிறது. ஆகவே வழுக்கும் சக்கரம் எவ்வளவு தாங்குமோ, அதைப் போல இரு மடங்குதான் வண்டிக்குக் கிடைக்கும் மொத்த இழுவை. கிளட்ச் தட்டுகள் (ஒன்றோடொன்று உராயும் மெல்லிய தட்டுகள்) கொண்ட லிமிடெட் ஸ்லிப்பில், உள்ளே உள்ள பக்கவாட்டுப் பற்சக்கரங்கள் சுமை ஏறும்போது வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு அந்தத் தட்டுகளை நெருக்குகின்றன. அந்த உராய்வால் பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூடுதல் விசை போகிறது. எத்தனை மடங்கு கூடுதல் என்பது அந்த அமைப்பின் விகிதத்தைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக விகிதம் 2.5 என்றும், வழுக்கும் சக்கரம் 200 நியூட்டன் மீட்டர் தாங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், மறுசக்கரத்துக்கு 500 வரை கிடைக்கும், மொத்தம் 700. சாதாரண டிஃபரன்ஷியலில் இதுவே 400தான்.

தொங்கும் சக்கரம் தாங்குவதோ ஏறக்குறைய பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யமே. அந்நிலையில் எஞ்சுவது, தட்டுகளை எப்போதும் இலேசாக அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் தரும் ஆரம்ப உராய்வு மட்டுமே. பழைய வண்டியில் தட்டுகள் தேய்ந்திருந்தால் அதுவும் குறைந்திருக்கும்.

திருப்பத்தில் பின்பக்கம் வீசுவதற்கான காரணம் வேறு. சாதாரண டிஃபரன்ஷியலில் உள்சக்கரம் வழுக்கினால், வெளிச்சக்கரத்துக்கு வரும் விசையும் அதோடு குறைந்துவிடும். அதனால் வெளிச்சக்கரம் தன் பிடிப்பின் பெரும்பகுதியைப் பக்கவாட்டில் வண்டியைத் தாங்குவதற்குச் செலவிட முடிகிறது. லிமிடெட் ஸ்லிப் அந்த வெளிச்சக்கரத்தையும் சேர்த்து இயக்குகிறது. இரண்டும் ஒருசேர வழுக்கும்போது பக்கவாட்டுப் பிடிப்பு பெரும்பாலும் போய்விடும். காலிப் பெட்டியோடு பின் அச்சின் மேல் எடை குறைவாக இருப்பதால் அது விரைவிலேயே நிகழ்கிறது. நடுவில் உயர்ந்து ஓரம் சரிந்த பனிச்சாலையில், நேராக ஓட்டும்போதே வண்டி ஓரத்தை நோக்கி நழுவுவதும் இதனால்தான். என் கருத்தில், ஈரச் சாலையில் காலிப் பெட்டியோடு மட்டுமே ஓடும் வண்டிக்கு லிமிடெட் ஸ்லிப் நன்மையும் தீமையும் கலந்த வரம். சுமையோடு சேற்றிலும் சரளையிலும் ஓடும் வண்டிக்கு அது தன் விலையைத் திருப்பித் தந்துவிடும்.

மறுமொழி 2: கியர் ஆயில்

முனகலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குறுகிய திருப்பத்தில் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சீராக வழுக்க வேண்டும். அவை ஒட்டிக்கொண்டும் விடுபட்டும் மாறி மாறி நகர்ந்தால் அந்த அதிர்வு வரும். முன்பு யாரோ ஆயில் மாற்றும்போது உராய்வைச் சீராக்கும் சேர்மத்தைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். வண்டியின் கையேடு சொல்லும் தரத்தில் ஆயிலையும், சொன்ன அளவில் சேர்மத்தையும் இட்டு, ஆளில்லாத திறந்த இடத்தில் எட்டு வடிவில் மெதுவாகச் சில முறை ஓட்டினால், புதிய ஆயில் தட்டுகளுக்கிடையே பரவி ஒலி பெரும்பாலும் நின்றுவிடும். சேர்மத்தை அள்ளி ஊற்றாதீர்கள். ஒலி போகும், கூடவே பூட்டும் திறனும் போய்விடும். சில ஆயில்களில் சேர்மம் முன்பே கலந்திருக்கும் என்பதால் குப்பியின் குறிப்பைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மறுமொழி 3: நான்காம் கியர்

உள்ளே இருப்பது எந்த வகை என்று அறியாமல் ஆயிலைத் தொட வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் பல ஆண்டுகளாக வரும் ஈட்டன் நிறுவனத்தின் ஜி80, பலரும் லிமிடெட் ஸ்லிப் என்று எண்ணினாலும், தானாகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பாகும். இரு சக்கரங்களின் வேக வேறுபாடு நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றுகளை எட்டியதும் உள்ளே உள்ள சிறு எடைகள் விரிந்து, இரு சக்கரங்களும் ஒன்றாகவே சுழலும்படி அச்சை முழுவதுமாகப் பூட்டுகின்றன. வண்டி மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு அது பூட்டுவதில்லை. ஆகவே ஒரு சக்கரம் சற்றுச் சுழல்வதை அது எதிர்பார்க்கிறது. அதில் ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்த வேண்டுமே தவிர, ஓங்கி மிதித்தால் பூட்டும் அதிர்ச்சி பற்சக்கரங்களின் மீது விழும். டொயோட்டா டண்ட்ராவின் தானியங்கி லிமிடெட் ஸ்லிப்போ சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடிக்கும் ஏற்பாடு; அதன் டிஃபரன்ஷியல் சாதாரணமானதே.

சுமைப்பெட்டி

மிக்க நன்றி. கவரில் உள்ள தகட்டையும் கையேட்டையும் ஒப்பிட்டதில், என்னுடையது கிளட்ச் தட்டு வகைதான் என்று தெரிகிறது. சக்கரம் தொங்கும்போது ஹேண்ட்பிரேக்கை இலேசாக இழுத்தால் வண்டி வெளியேறும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா? தட்டுகள் தேய்ந்துவிட்டனவா என்று பிரிக்காமலே அறிய வழி உண்டா?

மறுமொழி 4: அச்சும் பினியனும்

உங்கள் வகையில் உண்மைதான், கணக்கைப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் ஒவ்வொரு பின்சக்கரத்தையும் 150 நியூட்டன் மீட்டர் அளவுக்குப் பிடிக்கிறது என்றால், தொங்கும் சக்கரம் இப்போது 150 தாங்குகிறது, 2.5 விகிதத்தில் மறுசக்கரத்துக்கு 375 போகும். அதிலும் பிரேக் 150ஐத் தின்றுவிட, 225 மிஞ்சுகிறது. சாதாரண டிஃபரன்ஷியலில் வந்த 150ஐ அந்தப் பக்கத்துப் பிரேக்கே முழுவதும் விழுங்கிவிடும், ஆகையால் பயனில்லை. ஜி80யில் இது பயன்படாததோடு, தேவையான வேக வேறுபாட்டையும் தடுத்துவிடும்.

தேய்மானத்தைச் சோதிக்க, இன்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டார்க் ரெஞ்ச் (முறுக்குவிசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டு அதைச் சுழற்றத் தேவைப்படும் விசையை அளந்து, பழுதுநீக்கக் கையேடு தரும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். கையாலேயே எளிதாகச் சுழன்றால் தட்டுகளோ ஸ்பிரிங்கோ முடிந்துவிட்டன என்று கொள்ளலாம். ஒரு சக்கரம் தரையில் இருக்கும்போது இன்ஜினை இயக்கிச் சோதிக்கவே கூடாது. தரையில் உள்ள சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும்.

புதிய தட்டுகள் போட்டால் பின் டயர்கள் இரண்டும் ஒரே அளவிலும் ஒரே தேய்மானத்திலும் இருக்கட்டும். விட்டம் மாறுபட்டால் நேர்ச்சாலையில்கூட அவை வெவ்வேறு வேகத்தில் சுழலும். தட்டுகளும் ஓயாமல் உராய்ந்து தேயும்.