குனியமுத்தூருக்கு யூ-டர்ன் லேனா? பஸ் திரும்புமான்னு முதல்ல சொல்லுங்க

வேலந்தாவளம் லாரி: நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார், கோவையில பாலக்காடு ரோட்டுல குனியமுத்தூர்ப் பக்கம் யூ-டர்ன் லேன் போட்டா நெரிசல் தீர்ந்துடும்னு. படிச்சதும் டீ புரையேறிடுச்சு. 12 மீட்டர் பஸ் ஒரே வீச்சுல திரும்ப 20 மீட்டருக்கு மேல அகலம் வேணும். அங்க இருக்கா? முன்னே போயி, ரிவர்ஸ் எடுத்து, மறுபடி ஒடிக்கறதுக்குள்ள ரெண்டு பக்கமும் ஹாரன் கிழியும்.

கோவை சிவில்: அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லக் கூசுதோ? அவினாசி ரோட்டுல லட்சுமி மில்ஸ் பக்கம் சிக்னலை எடுத்துட்டு யூ-டர்ன் வச்சாங்க, வண்டி நிக்காமப் போச்சு. நாலு ரோடு கூடற இடத்துல வண்டிங்க உரசிக்க வாய்ப்புள்ள புள்ளி 32. யூ-டர்ன் வச்சா அது ஏறக்குறைய பாதியாக் குறையும். இது கணக்கு, டீக்கடைப் பேச்சு இல்ல.

வேலந்தாவளம் லாரி: கணக்கு இருக்கட்டும் சார். பஸ் திரும்புமா?

கொழிஞ்சாம்பாறை மாலா: ஒரு சந்தேகமுங்க. லேன்னா திரும்பற வண்டி ஒதுங்கி நிக்கத் தனி இடமா, இல்ல ரோட்டு நடுவுல இருக்கற மீடியன்ல வெறும் கேப்பா? ஒதுங்க இடமில்லாட்டி ஒரு கார் திரும்பறதுக்காக நேராப் போறவங்களும் நிக்கோணுமே.

வேலந்தாவளம் லாரி: அது அப்புறங்க. 2024 ஆகஸ்ட்ல உக்கடம் பாலத்தைத் திறந்தாங்க. மேல ஜம்முனு வர்றோம், ஆத்துப்பாலம் தாண்டி இறங்கினதும் பழையபடி ஊர்ந்துதான் போறோம். ரோடே அவ்வளவுதான், அதுல நடுவுல வேற லேனாம். அப்புறம் இன்னொண்ணு. அரை கிலோமீட்டர் போயித் திரும்பி வான்னா நம்மாளு வருவானா? ராங் சைடுல பைக்கை விடுவான். அவினாசி ரோட்டுலயே பார்த்தாச்சு. சரி, பஸ்ஸுக்கு வாங்க.

கோவை சிவில்: அமெரிக்காவுல மிச்சிகன்ல 1960கள்ல இருந்தே இப்படித்தான் திருப்பறாங்க.

வேலந்தாவளம் லாரி: அங்க மீடியனே நம்ம ரோடு அகலம்! நீலாம்பூர் பைபாஸ் பேச்சு வந்தப்பவும் வெளிநாட்டைக் காட்டிட்டுப் பதில் சொல்லாமப் போனவர்தானே நீங்க. மறக்கலைங்க.

வாளையார் வாசகன்: பஸ் பஸ்ங்கறீங்களே, எந்த பஸ்? பாலக்காட்டு பஸ் நேரா உக்கடம் போகுது. குனியமுத்தூர்ல அது எதுக்குத் திரும்பணும்?

வேலந்தாவளம் லாரி: காலேஜ் பஸ், கம்பெனி பஸ் எல்லாம் பறந்தா போகுது?

கோவை சிவில்: கேரளா வண்டிங்க வரிசையில வந்தாலே பாதி நெரிசல் குறையும். கோவை ரோட்டைப் பத்தி அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு என்ன இவ்வளவு அக்கறை?

கொழிஞ்சாம்பாறை மாலா: ஏனுங்க, எங்க கேரளாவுல 2023 ஜூன்ல இருந்து கேமராவே ஃபைன் போடுது. எல்லையில வாளையார் தாண்டறப்ப மட்டும் அவசரமா ஹெல்மெட் மாட்டறது எந்த ஊர் ஆளுங்க? டேங்க் மேல தொங்கவிட்டுட்டு வருவாங்க, செக்போஸ்ட் கண்ணுல பட்டதும் தலைக்கு ஏறும்.

வேலந்தாவளம் லாரி: அப்படிப் போடுங்க அக்கா! ஆஸ்பத்திரின்னாலும் கல்யாணப் புடவைன்னாலும் நாங்க கோயமுத்தூர்தான் வர்றோம். அங்க செலவு பண்றப்ப நாங்க எந்தப் பக்கம்னு யாரும் கேக்கறதில்லையே சார்?

கோவை சிவில்: பேச்சை மாத்தாதீங்க. அளவோட படம் வரைஞ்சு போடறேன், பாருங்க.

வேலந்தாவளம் லாரி: படத்துல ரயிலே திரும்பும். குனியமுத்தூர்ல பஸ் திரும்புமா?

வாளையார் வாசகன்: எந்த பஸ்ஸுன்னு இன்னும் சொல்லலீங்களே.