லாவோஸ் சாப்பாடு என்று தனியாக ஒன்று உண்டா?

பயணப்பை:
லாவோஸின் லுவாங் பிரபாங் நகரில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தேன். பப்பாளிக்காய் சாலட், லாப் என்ற கொத்திறைச்சி சாலட், ஒட்டரிசிச் சோறு எல்லாமே பாங்காக்கில் தெருவுக்குத் தெரு கிடைப்பவைதான். நன்றாகவே இருந்தன, அதில் குறை இல்லை. ஆனால் 'லாவோ உணவு' என்று தனிப்பெயர் எதற்கு? தாய் உணவில் ஒரு வட்டார வகை என்று சொன்னால் போதாதா?

அடுப்படி:
தலைகீழாகச் சொல்கிறீர்கள் நண்பரே. பாங்காக்கில் நீங்கள் சாப்பிட்டது தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான இசானின் சாப்பாடு, இசான்காரர்களில் பெரும்பாலோர் லாவோ வழியினர். 1779-இல் சியாம் (இன்றைய தாய்லாந்து) படை, இன்று லாவோஸின் தலைநகரமாக இருக்கும் வியஞ்சானைப் பிடித்தது, பிறகு 1820-களின் கடைசியில் லாவோ மன்னர் அனுவோங்கின் கிளர்ச்சியை அடக்கியபோது நகரத்தையே அழித்து, மக்களை மேகாங் ஆற்றுக்கு அந்தப் பக்கம், இசானுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். இன்று லாவோ பேசுபவர்கள் லாவோஸைவிடத் தாய்லாந்தில்தான் அதிகம். அவர்கள் பிழைப்புத் தேடி பாங்காக்குக்குப் போனபோது கூடவே போன சாப்பாடு அது.

பயணப்பை:
வரலாறு சரி. தட்டில் என்ன வித்தியாசம், அதைச் சொல்லுங்கள்.

அடுப்படி:
பாடேக். ஆற்று மீனை உப்பும் தவிடும் போட்டுப் பானையில் மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள். தாய் மீன்சாறு தெளிவாக இருக்கும், இது கலங்கலாக, மீன் துண்டோடு இருக்கும், மூடியைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்கும் வாசனை போகும். பாங்காக் கடைகளில் பப்பாளிக்காயோடு வேர்க்கடலை, உலர் இறால், பனைவெல்லம் சேர்த்து இனிப்பாகத் தருவார்கள். வியஞ்சானில் அதே பப்பாளிக்காயைப் பாடேக் விட்டு இடித்தால் உப்பும் புளிப்பும் காரமும்தான் முன்னால் நிற்கும்.

அப்புறம் சோறு. ராத்திரியே ஊறவைத்த ஒட்டரிசியைக் காலையில் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் கொட்டி, கழுத்து குறுகிய பானைமேல் வைத்து ஆவியில் வேகவிடுவார்கள். பாதி வெந்ததும் கூடையை ஒரு குலுக்குக் குலுக்கினால் சோறு மொத்தமாகப் புரண்டு, மேல் கீழாகிவிடும். ஒரு பிடி எடுத்து விரலால் உருட்டி, சுட்ட மிளகாய்த் துவையலான 'ஜேவ்'வில் தொட்டுச் சாப்பிட வேண்டும். தங்களையே ஒட்டரிசியின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ளும் மக்கள் அவர்கள்.

மூங்கில்குழல்:
பயணப்பை, லுவாங் பிரபாங் வரை போய் 'ஓ லாம்' சாப்பிடாமலா வந்தீர்கள்? எனக்கு அதுதான் வருத்தம். கத்தரிக்காய், உலர்ந்த எருமைத் தோல், சதகுப்பைக் கீரை எல்லாம் போட்டு மெல்ல வேகும் குழம்பு அது. அதில் 'சகான்' என்ற காட்டு மிளகுக் கொடியின் தண்டைத் துண்டு போட்டிருப்பார்கள். அதை மென்று சாறை விழுங்கிவிட்டு நாரைத் துப்ப வேண்டும், நாக்கு மெல்ல மரத்துப்போகும். இதை பாங்காக் தெருவில் தேடிப்பாருங்கள். ஆற்றுப் பாசியைப் பூண்டும் எள்ளும் தூவிக் காயவைத்துப் பொரிக்கும் 'காய்பேன்' அந்த ஊர்ப் பண்டம்.

குடிப்பதிலும் தனிவழி உண்டு. பீர்லாவோ 1973-இல் வந்தது. அதற்கு வெகு காலம் முந்தியது 'லாவோ ஹாய்', அதாவது ஜாடிக் கள். புளித்த அரிசி இருக்கும் மண்ஜாடியில் தண்ணீர் ஊற்றி, சுற்றி உட்கார்ந்து நீண்ட மூங்கில் குழலால் உறிஞ்சுவார்கள். குறையக் குறையத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

பயணப்பை:
ஓ லாம் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், அது வேறு சமையல்தான். ஆனால் 'காவ் ஜீ' ரொட்டி பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனது, 'ஃபோ' என்ற நூடுல்ஸ் சூப் வியட்நாமிலிருந்து வந்தது. இவற்றையும் பாரம்பரிய லாவோ உணவுப் பட்டியலில் சேர்ப்பதை நான் ஏற்க மாட்டேன்.

அடுப்படி:
வந்த வழி அதுதான், மறுக்கவில்லை. வியஞ்சானில் காலை ஏழு மணிக்கு ஒரு ஃபோ கடையில் உட்கார்ந்து பாருங்கள். கிண்ணத்துக்கு முன்பே ஒரு தட்டு நிறையப் புதினா, கீரை, பச்சைக் காராமணிக்காய் வந்துவிடும். பக்கத்தில் சின்னக் கிண்ணியில் இறால் விழுது. காராமணிக்காயை ஒடித்து அதில் தொட்டுக் கடித்துக்கொண்டே சூப்பைக் குடிப்பார்கள். பட்டியலில் இருந்து எடுக்கச் சொல்வதற்கு முன்னால் அந்தத் தட்டைக் காலி செய்துவிட்டு வாருங்கள்.