பொருள்: ‘மாற்றுத் தீர்வு’க்குப் பதில் ‘மறுவழி’ என்போமா?

அன்புள்ள அண்ணனுக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

ஒரே கணினி நிரல் பயிற்சியை வெவ்வேறு விதமாகப் போட்டுப் பார்ப்பதற்கு ‘மாற்றுத் தீர்வு’ என்று அண்ணன் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை. மாற்று என்றால் ஒன்று இல்லாதபோது அதன் இடத்துக்கு வருவது. மாற்றுச் சாவி, மாற்றுப் பாதை எல்லாம் அப்படித்தான். இங்கே முதல் விடை எங்கேயும் போய்விடுவதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் பாடமே இருக்கிறது.

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் ஞாயிறுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் நிரல்மொழி சொல்லித் தருகிறேன். போன வாரம், ‘விகடகவி’ முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றுதானா என்று சோதிக்கும் நிரல். எல்லோரும் சரத்தை (எழுத்துத் தொடரை) அப்படியே திருப்பிப் போட்டு ஒப்பிட்டார்கள். ‘பொய்’ என்று வந்தது. அந்த ஒற்றை வரியை எவ்வளவு நேரம் பார்த்தும் ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. கோட்டையூரிலிருந்து வரும் பெண், “அக்கா, மறுக்கா வேற மாதிரி போடுறேன்” என்று இரு முனையிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து அச்சிட்டாள். முதல் சுற்றிலேயே ஒரு பக்கம் ‘வ’, இன்னொரு பக்கம் வெறும் மேல்விலங்கு (‘ி’ குறி)! நமக்கு 5 எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் ‘வி’ என்பது ‘வ’, ‘ி’ என இரண்டு குறியீடு என்பதால் பைத்தானுக்கு 7. அப்புறம் ஓப்பன்-தமிழ் என்னும் நிரலகத்தால் (ஆயத்த நிரல்களின் தொகுப்பால்) எழுத்தெழுத்தாகப் பிரித்ததும் இரண்டு நிரலும் ‘மெய்’ என்றன. நிரல் தன்னையே திரும்ப அழைக்கும் தற்சுழற்சி முறையில் எழுதுவது வரும் வாரம்.

அவள் சொன்ன ‘மறுக்கா’வைத்தான் பிடித்துக்கொண்டேன். மறுகரை, மறுபக்கம் என்னும்போது ‘இன்னொன்று’. மறுபதிப்பு, மறுவாசிப்பு என்னும்போது ‘திரும்பவும்’. திரும்பச் செய், ஆனால் இன்னொரு வழியில் செய் என்பதுதானே இந்தப் பயிற்சி? ‘மறுவழி’ இரண்டையும் சொல்லிவிடுகிறது. ‘பல்வழித் தீர்வு’ என்று நண்பர் ஒருவர் சொன்னதில் பிழையில்லை, ஆனால் அது மொத்தத் தொகுப்புக்குப் பெயர். “இதற்கு ஒரு மறுவழி எழுது” என்று பிள்ளையிடம் சொல்ல அது உதவாது. மறு என்றால் களங்கம் என்றும் பொருள் உண்டே என்று கேட்பீர்கள். மறுநாள் என்னும்போது யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. முதலில் எழுதியதை ‘வழி 1’ என்றும் அடுத்ததை ‘மறுவழி 1’ என்றும் எண்ணிடலாமா, அல்லது எல்லாவற்றையும் வழி 1, வழி 2 என்றே வைத்துக்கொண்டு பயிற்சிக்கு மட்டும் ‘மறுவழிப் பயிற்சி’ என்போமா? எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. அண்ணன் என்ன சொல்கிறீர்கள்?