"தைராய்டு பாத்தியாம்மா?": குழுவில் கிடைத்த அனுபவங்கள்

தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எழுதுகிறேன்:

தம்பிக்கு 41 வயது, டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு. அம்மா போன பிறகு என்னோடுதான் இருக்கிறான். பாட்டுச் சத்தம் கேட்டாலே எழுந்து ஆடுகிறவன், போன வருடம் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தான். பிரஷ்ஷைக் கையில் கொடுத்தால் அப்படியே வைத்துக்கொண்டு நிற்பான். எடையும் ஏறியது. டாக்டரிடம் கூட்டிப்போனேன். "இவங்களுக்கு வயசாக ஆக இப்படித்தான்" என்றார். அவனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்சைமர் என்ற மறதி நோய் நாற்பதுகளிலேயே வரலாம் என்று தெரியும். அதுதானோ என்ற பயத்தில் தூக்கம் போயிற்று.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினர் கூடும் குழுவில் இதைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். மகளுக்கு ஐம்பது வயதாகும்வரை கூடவே இருந்து பார்த்துக்கொண்ட ஓர் அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தைராய்டு பாத்தியாம்மா? காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாத்தாங்களா?"

இரண்டையும் யாரும் பார்க்கவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவு மற்றவர்களைவிட அதிகம் வரும். சோர்வு, மந்தம், எடை கூடுவது எல்லாம் சேரும்போது பார்ப்பவர்களுக்கு மறதி நோய் மாதிரியே இருக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) என்று ஒரு துண்டுத்தாளில் எழுதியும் கொடுத்தார். பரிசோதனையில் அளவு எகிறியிருந்தது. காதிலும் அடைப்பு. மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் என் போனைப் பிடுங்கித் தனக்குப் பிடித்த பாட்டை வைக்க ஆரம்பித்துவிட்டான்.

தயவுசெய்து இதைக் கேளுங்கள். நம் பிள்ளைகளிடம் திடீரென்று ஒரு மாற்றம் தெரிந்தால் முதலில் உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பல்வலி, மலச்சிக்கல், காது, கண், தைராய்டு. எல்லாம் பார்த்து முடிக்கும்வரை "அவங்க இயல்பே அப்படித்தான்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஓர் அப்பா:

சகோதரி சொல்வது நூறு சதவீதம் சரி. என் மகனுக்குப் பேச்சு வராது. பல் வலித்தால் மணிக்கட்டைக் கடிப்பான். இது எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரிந்த விஷயமாக இருந்தது. "நாளைக்கு நீங்க ரெண்டு பேருமே ஆஸ்பத்திரியில படுத்துட்டா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். அன்று இரவே நோட்டு போட்டோம். வலியை எப்படிக் காட்டுவான், மாத்திரையை எப்படி விழுங்குவான், எந்தச் சத்தம் ஆகாது, பயந்தால் யார் பெயரைச் சொன்னால் அடங்குவான், எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு பிரதி என் தங்கை வீட்டில்.

குழுவை நடத்த உதவும் ஒருவர்:

"டாக்டர் இல்லாத கூட்டத்துல என்ன கத்துக்கப் போறோம்" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1946இல் இங்கிலாந்தில் ஜூடி ஃப்ரைட் என்ற தாய், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள தன் மகளைப் போன்ற பிள்ளைகளுக்கு எந்த வசதியும் இல்லை என்று ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதே நிலையில் இருந்த பெற்றோர்கள் அவருக்குப் பதில் எழுதினார்கள். அப்படி ஆரம்பித்த சங்கம்தான் இப்படிப்பட்டவர்களுக்காக இன்று அங்கே இயங்கும் மென்கேப் அமைப்பு. எங்கள் குழுவில் பத்துப் பேர்கூட இல்லை. ஆனால் தைராய்டு, நோட்டு மாதிரியான விஷயங்களெல்லாம் அந்த அறையில்தான் கைமாறுகின்றன.

ஓர் அம்மா:

எனக்கும் வர ஆசைதான். மகளை யாரிடம் விட்டுவிட்டு வருவது?

குழுவை நடத்த உதவும் ஒருவர்:

அவளையும் கூட்டிக்கொண்டே வாங்கம்மா. பக்கத்து அறையில் எங்களில் இருவர் முறைவைத்துப் பிள்ளைகளோடு இருப்போம். புது முகம் பார்த்தால் பயப்படுவாளா, எதில் மனம் லயிக்கும் என்பதை மட்டும் முன்னாடியே சொல்லிவிடுங்கள். நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் எல்லோருமே அப்படிப் போயிருக்கிறோம்.