ஆடித் தேருக்கு அந்தியூர் வரைக்கும் குதிரை மேலயே போறோம், ராத்திரி காட்டுல தங்கறதுக்கு வழி சொல்லுங்க

காங்கேயத்துக் குதிரைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க தோட்டத்துல ரெண்டு குதிரை நிக்குது, ஒண்ணு கத்தியவாரிப் பொட்டைக்குதிரை ஏழு வயசு, இன்னொண்ணு நாட்டுக்குதிரை காயடிச்சது அஞ்சு வயசு. வருசாவருசம் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா குதிரைச் சந்தைக்கு டாட்டா ஏஸ்ல ஏத்திட்டுப் போயிட்டு வருவோம், இந்த வருசம் நானும் என்ற பங்காளியும் குதிரை மேலயே போலாம்னு முடிவு பண்ணிருக்கறோமுங்க. சென்னிமலை, பெருந்துறை, கவுந்தப்பாடி, ஆப்பக்கூடல் வழியாப் போனா சுத்திச்சுத்தி ஒரு 80 கிலோமீட்டர் வரும், அவசரமே இல்லாம மூணு நாளா பிரிச்சுக்கறோம், அப்பப் பாத்தா ரெண்டு ராத்திரி நடுவுல தங்கோணும்.

லாட்ஜு அது இதெல்லாம் வேண்டாமுங்க, குதிரைய உட்டுட்டு நாங்க எங்கயோ போயிப் படுக்கறதுக்கு மனசு வரல. ஒரு டெண்ட் இருக்குது, மச்சான் பின்னாலயே டாட்டா ஏஸ்ல தீவனத் தட்டு, கொள்ளு எல்லாம் போட்டுட்டு வர்றான். என்ற பயம் என்னன்னா இந்த ரெண்டும் பொறந்ததுலருந்து கட்டுத்தறிலயே நின்னு பழகுனது, வெளிய ராத்திரி நின்னதே இல்ல. முளைக்குச்சி அடிச்சு மாட்டக் கட்டற மாதிரி நீளக் கவுத்துல கட்டிப்போட்டா போதுமா, தண்ணிக்கு நொய்யலும் கீழ்பவானி வாய்க்காலும் வழியிலயே வருது அதுல காட்டிக்கலாமா, தீவனம் என்ன எடுத்துட்டுப் போறதுன்னு அனுபவப்பட்டவங்க சொன்னா நெம்பப் புண்ணியமாப் போகுமுங்க. திருவிழா முடிஞ்சு பர்கூர் மலை ஏறி ஒரு நாள் காட்டுக்குள்ள தங்கலாம்னும் ஒரு ஆசை இருக்குது.

கொரங்காடு:

தம்பி, நல்ல காரியம், போயிட்டு வாங்க. ஆனா முதல்ல தண்ணிய முடிவு பண்ணிட்டுத்தான் தங்கற எடத்த முடிவு பண்ணோணும், நீங்க தலைகீழாப் போட்டிருக்கறீங்க.

நொய்யல் தண்ணிய மட்டும் காட்டிப்போடாதீங்க சாமி. ஒரத்துப்பாளையம் அணை 1992ல கட்டுனது, சாயத்தண்ணி வந்து தேங்கித் தேங்கி அந்தச் சுத்துவட்டாரத்துல கெணறெல்லாம் உப்பாப் போனத நாங்க கண்ணுல பாத்தவங்க, 2011ல ஹைகோர்ட்டு சாயப்பட்டறைய மூடச் சொன்ன பொறவும் அந்தத் தண்ணிய நம்பி எங்க மாட்டுக்கே நாங்க காட்டறதில்ல. நடந்து வேர்த்துப்போயி வர்ற குதிரை அதுல வாய வெச்சா என்னாகுமோ நெனைக்கவே எனக்கு ஆகல. வாய்க்கால்ல முதல் போகத்துக்குத் தண்ணி உடறதே ஆகஸ்ட் 15 வாக்குலதான், ஆடில அது காஞ்சுதான் கெடக்கும் பெரும்பாலும். அதனால போர்த்தண்ணியோ குடிதண்ணியோ இருக்கற தோட்டமாப் பாத்து முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 30 லிட்டர் 40 லிட்டர் சாதாரணமா ஆகும், நடந்துட்டு வந்தா அதுக்கும் மேல. ரெண்டுக்கும் சேத்து 100 லிட்டர்னு வெச்சுக்கோங்க, ஏஸ்ல ஒரு ட்ரம்மு போட்டுட்டு வரச் சொல்லுங்க மச்சான.

இன்னொண்ணு, குதிரை ஊர்த்தண்ணி மாறுனா மோந்து பாத்துட்டு குடிக்காம நின்னுக்கும். நான் கெளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பக்கெட் தண்ணில கொஞ்சமா நாட்டுச்சக்கரை கரைச்சுக் குடுத்துப் பழக்கிருவேன், அப்புறம் எந்த ஊருத் தண்ணிலயும் அதே ருசிய கலக்கிட்டா மறுபேச்சில்லாம குடிக்கும். நீங்க போறதே கவுந்தப்பாடி வழி, பழனி பஞ்சாமிர்தத்துக்குச் சக்கரை போற ஊரு, அங்கெ சக்கரைக்கா பஞ்சம்.

இப்ப கட்டற விசயம். நீளக்கவுறு ஆகாது. நானும் அப்படித்தான் முதல் தடவ பதினஞ்சு அடிக் கவுத்துல முளைக்குச்சி அடிச்சுக் கட்டிட்டு நல்லாத் தூங்கிட்டேன், வெடியால எந்திரிச்சுப் பாத்தா பொட்டைக்குதிரை பின்னங்கால்ல கவுறு சுத்தி குளம்புக்கு மேல தோலு உரிஞ்சு சதை தெரிய நின்னுட்டு இருக்குது, ஒரு சத்தம் போடல அந்த சீவன், எத்தன நேரமா அப்படி நின்னுதோ. ஆறிக் கூடி மறுபடி சவாரி ஏறதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. மாடு கவுத்துல சிக்குனா நின்னு யோசிக்கும், குதிரை பயந்து இழுக்கும், அந்த வித்தியாசம் எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ரெண்டு வெள்வேல மரத்துக்கு நடுவுல ஆளு ஒசரத்துக்கு மேல, ஒரு ஏழடி எட்டடில கவுற இழுத்து விறைப்பாக் கட்டி அதுலருந்து குதிரைய எறக்கிக் கட்டுங்க. தலைய எறக்கித் தட்டு திங்க எட்டோணும், ஆனா கவுறு தரைல கெடந்து கால்ல மாட்டற அளவுக்கு நீளம் இருக்கப்படாது. மரத்துல வெறுங்கவுத்த சுத்தாதீங்க, பட்டை அறுத்துரும், லாரில சரக்கு கட்டற அகல பெல்ட்டு இருக்குதல்லோ அதப் போட்டு அதுல கவுத்த மாட்டுங்க. ஒண்ண ஒண்ணு ஒதைக்காத தூரத்துல நிக்கோணும். முடிச்சு ஒரே இழுப்புல அவுற மாதிரி இருக்கோணும், இடுப்புல ஒரு கத்தியும் இருக்கட்டும்.

அப்புறம் ஆடிக்காத்து. அம்மியே பறக்கும்பாங்க, உங்க டெண்ட்டுத் துணி படபடன்னு அடிச்சா குதிரை ராத்திரி பூரா நிக்காது. டெண்ட்ட காத்துக்கு மறைவா சாளை, அதான் தோட்டத்து ஊடு, செவுத்தோரம் போடுங்க, குதிரைக்குக் கண்ணுல படற மாதிரி ஆனா ஒரு இருபது முப்பது அடி தள்ளி. எங்க பக்கம் மயிலு வேற நெம்ப எச்சு, வெடியால மூணு நாலு மணிக்கே கத்த ஆரம்பிச்சிரும், வீட்டுலயே அந்தச் சத்தம் பழகியிருக்கும் ஆனாலும் புது எடத்துல தூக்கிவாரிப் போடும்.

கோபிக்காரி:

அண்ணா, நான் கோபி, இப்ப கல்யாணமாகி மிச்சிகன்ல இருக்கேன், இங்க குதிரையோட கேம்ப் போறது பெரிய வழக்கம், நானும் பக்கத்து வீட்டம்மாகூட நாலஞ்சு தடவ போயிருக்கேன். ரஸ்டிக் கேம்ப்கிரவுண்டுன்னு சொல்லுவாங்க, கரண்ட் கெடையாது, ஒரு கைபம்ப்பு, குழிக்கழிப்பறை, ஒரு மேசை, அடுப்புமூட்ட ஒரு வளையம், அவ்ளோதான். ஹியூரான் ஏரிக்கரைலருந்து மிச்சிகன் ஏரிக்கரை வரைக்கும் ஏறக்குறைய 350 கிலோமீட்டருக்கு குதிரைப்பாதையே இருக்கு, அங்கங்க குதிரைக்காரங்க தங்கறதுக்குன்னு கேம்ப் இருக்கு. கொரங்காடு அண்ணன் சொன்ன அந்த மேல்கயிறு முறைதான் இங்கயும், ஹைலைன்னு பேரு.

இங்க பாத்ததுல எனக்கு மனசுல நின்னது கேம்ப்ப விட்டுக் கெளம்பும்போது அவங்க செய்யறதுதான். லத்திய ஒண்ணு விடாம பொறுக்கி அதுக்குன்னு இருக்கற எடத்துல போட்டுட்டு, குதிரை முன்னங்கால்ல பறிச்ச குழிய மண்ணத் தள்ளி மூடிட்டு, சிந்துன புல்லக்கூட கூட்டிருவாங்க. ஆத்துக்கோ ஏரிக்கோ பக்கத்துல கட்டவே மாட்டாங்க, ஒரு 60 மீட்டராவது தள்ளித்தான். நம்மூர்ல லத்திய எருக்குழிக்காரங்க சந்தோசமா வாங்கிக்குவாங்க, ஆனா கேக்காம போட்டுட்டுப் போனா அடுத்த வருசம் வர்றவங்களுக்கு அந்தத் தோட்டத்துல எடம் கெடைக்காது.

வீட்டுலயே ரெண்டு மூணு ராத்திரி அந்த மேல்கயித்துல கட்டிப் பழக்குங்கண்ணா. இங்க யாருமே நேரா கூட்டிட்டு வந்து கேம்ப்ல முதல் தடவ கட்ட மாட்டாங்க.

காங்கேயத்துக் குதிரைக்காரன்:

ரெண்டு பேருக்கும் கோடி நன்றிங்க. அந்தக் கால் விசயம் படிச்சதும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சுங்கண்ணா, இன்னைக்குப் பொழுதோடயே களத்துல வேப்பமரத்துக்கும் புளியமரத்துக்கும் நடுவுல கவுறு கட்டிப் பாத்தேன், பொட்டைக்குதிரை பத்து நிமிசம் தரையப் பறிச்சுட்டு அப்புறம் நின்னுக்கிச்சு. தீவனம் பத்தி யாராச்சும் சொல்லுங்க. போற எடத்துல சோளத்தட்டும் மாட்டுத்தீவனமும் எல்லாத் தோட்டத்துலயும் இருக்கும், அதையே வாங்கிப் போட்டுக்கலாமுங்களா?

கால்நடை வைத்தியன்:

மாட்டுத்தீவனம் வேண்டாம். இத அழுத்திச் சொல்றேன். மாட்டுக்கும் கோழிக்கும் போடற சில தீவனத்துல மோனென்சின்னு ஒரு மருந்து கலப்பாங்க, மாட்டுக்கு அது ஒண்ணும் பண்ணாது, குதிரைக்கு கொஞ்சம் போனாலே இதயத்தசைய அடிச்சுரும், மாத்து மருந்து கெடையாது. மூட்டைல எழுதிருக்கோ இல்லையோ, ராத்திரி டார்ச் வெளிச்சத்துல அதையெல்லாம் படிச்சுட்டு இருக்க முடியாது, அதனால தொடவே தொடாதீங்க.

சோளம் பச்சையா நிக்கறதுல மேய விடாதீங்க. வாடுன இளஞ்சோளம் மாட்டுக்கே விஷம் ஏத்தும்னு உங்களுக்குத் தெரியும், குதிரைக்கு அது போதாதுன்னு மூத்திரப்பைய கெடுத்து பின்னங்கால் தள்ளாட வைக்கும். வீட்டுல எந்தத் தட்டு தின்னுட்டு இருக்கோ அதையே மூணு நாளைக்கும் கட்டி எடுத்துட்டுப் போங்க, குதிரைக்கு வயித்துவலி வர்றதுக்கு திடீர்னு தீவனம் மாத்தறது ஒரு பெரிய காரணம். கொள்ளு ஊறவெச்சு வேகவெச்சுதான் குடுக்கணும், அதுவும் வந்து எறங்குன உடனே இல்ல, முதல்ல நடத்தி வேர்வை ஆறட்டும், தண்ணி, தட்டு, ஒரு மணி நேரம் கழிச்சுக் கொள்ளு, அதுல ரெண்டு ஸ்பூன் கல்லுப்பு.

கொழுக்கட்டைப்புல் ரெண்டு ராத்திரி மேஞ்சா தப்பே இல்ல. மாசக்கணக்குல அதையே தின்னாத்தான் அதுல இருக்கற ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்த உறிஞ்சிக்கிட்டு முகத்தெலும்பு வீங்கும், வீட்டுல அந்தப் புல்லு போடறவங்க கூடவே குதிரைமசால் போடுங்க, பேர்லயே குதிரை இருக்கு. கட்டற எடத்தச் சுத்தி வெளிச்சம் இருக்கும்போதே ஒரு தடவ நடந்து பாத்துருங்க: அரளி, கொட்டமுத்துச் செடி (ஆமணக்கு), கீழ உதிர்ந்து கெடக்கற சீமைக்கருவேலங்காய். அரளி காஞ்ச எலை கூட ஆளக் கொல்லும் குதிரையக் கொல்லும். கருவேலங்காய் இனிப்பா இருக்குன்னு அள்ளித் தின்னும், குடல்ல அடைச்சுக்கும்.

ராத்திரி வயித்துவலின்னா எப்படித் தெரியும்னா, தட்டத் தொடாது, தரையப் பறிக்கும், திரும்பித் திரும்பி தன் வயித்தப் பாக்கும், படுத்து உருளும், லத்தி போட்டிருக்காது. இடது முன்னங்கால் ஒடம்போட சேர்ற எடத்துக்குப் பின்னாடி நெஞ்சோரம் கைய வெச்சு துடிப்பு எண்ணுங்க, சும்மா நிக்கற குதிரைக்கு நிமிசத்துக்கு 28லருந்து 44 வரைக்கும் இருக்கலாம், 60 தாண்டுனா உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க. பாட்டில்ல எண்ணெய் ஊத்தி வாய்ல விடறது நம்ம ஊர்ல பழைய பழக்கம், தயவு பண்ணி செய்யாதீங்க, அது நுரையீரலுக்குள்ள போயிட்டா வயித்துவலில பொழைக்க வேண்டிய குதிரை அதுல போயிரும். நான் அப்படி ஒண்ண கைல புடிச்சுட்டு நின்னிருக்கேன்.

கெளம்பறதுக்கு முன்னாடி டெட்டனஸ் ஊசி போட்டு எத்தன நாளாச்சுன்னு பாருங்க, கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனையும் உடல்நலச் சான்றும் வாங்கிக்கோங்க. சாம்பிள் ஹிசார்ல இருக்கற குதிரை ஆராய்ச்சி மையம் வரைக்கும் போக வேண்டி வரலாம், கடைசி வாரத்துல ஓடாதீங்க. அந்த நோய் மனுசனுக்கும் ஒட்டும், உறுதியானா சட்டப்படி குதிரையக் கொல்லத்தான் வேணும். சந்தைல உங்க பக்கெட்ட யாருக்கும் குடுக்காதீங்க, பொதுத்தொட்டில காட்டாதீங்க, கேக்கறவங்க கோவிச்சாலும் பரவால்ல.

அந்தியூரான்:

பர்கூர் யோசனைய விட்ருங்க நண்பா. அந்தியூர் தாண்டி மலை அடிவாரம் வந்துட்டாலே யானை நடமாட்டம், மேல எல்லாம் வனத்துறை எடம், தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்சாச்சு, அனுமதி இல்லாம டெண்ட் போட முடியாது. யானை வாசம் பட்டா கட்டிப்போட்ட குதிரைக்கு ஓடவும் வழியில்ல, அது பாவம். சந்தைக்கு ஒரு நாள் முன்னாடியே வந்துருங்க, ஓரமா எடம் கெடைக்கும். உங்க பொட்டைக்குதிரை பருவத்துல இருந்தா ஆண்குதிரை வரிசைக்குப் பக்கத்துல கட்டவே கட்டாதீங்க, மேளச்சத்தத்துல அதுங்க ஏற்கனவே வெறியேறி நிக்கும்.

காங்கேயத்துக் குதிரைக்காரன்:

பர்கூர் கேன்சலுங்க. ரத்தப் பரிசோதனைக்கு நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறேன். கவுந்தப்பாடில பங்காளியோட பொண்டாட்டி ஊடு தோட்டம் இருக்குது, ரெண்டாம் ராத்திரிக்கு அங்க சொல்லியாச்சு, போர்த்தண்ணி நல்லாருக்குதாம். சென்னிமலைப் பக்கந்தான் யாரையும் தெரியலீங்க. அங்கங்க போயி கேட்டுக்கலாம்னு நெனைச்சோம்.

கொரங்காடு:

அங்கங்க போயி கேக்கறது முந்தி நடந்துது தம்பி, இப்ப ஆகாது. தோட்டத்துச் சாளைகள்ல தனியா இருந்த வயசானவங்கள கொன்னு நகை எடுத்துட்டுப் போனதுக்குப் பொறவு பொழுது எறங்கி ஒரு வண்டிச்சத்தம் கேட்டாவே சனம் நடுங்குது, அதோட நாய்க்கூட்டம் ஆட்டுப்பட்டிக்குள்ள பூந்து கடிச்சுப்போட்டுட்டுப் போகுது, ராத்திரி முழுக்க ஆளுக தடியும் டார்ச்சுமா காவல் இருக்காங்க. தெரியாத ஆளு இருட்டுல குதிரையோட வந்து நின்னா அவங்க என்ன நெனைப்பாங்க சொல்லுங்க.

எங்க கொரங்காட்டுக்கே, அதான் மேய்ச்சக்காட்டுக்கே, வந்துருங்க. ஆறு ஏக்கரா, சுத்தியும் கிளுவ வேலி, கடவ சாத்திட்டா ஒரு நாயும் உள்ள வராது, நடுவுல வெள்வேல மரம் நாலு வரிசையா நிக்குது கவுறு கட்டறதுக்குன்னே நட்ட மாதிரி. மெயின் ரோட்டுலருந்து இட்டேரி, ரெண்டு பக்கம் வேலி போட்ட மண்பாதை, அது வழியாவே வந்துரலாம், லாரித் தொந்தரவு இல்ல. மறுநாள் வெடியால அஞ்சுக்கே கெளம்பிருங்க, பெருந்துறைல பைபாஸ கூட்டம் ஏர்றதுக்குள்ள எறங்கிக் கையில புடிச்சுத் தாண்டிரோணும். நெம்பரு தனியா அனுப்பறேன், தேதிய மட்டும் ரெண்டு நாள் முன்னாடி சொல்லுங்க, செம்மறிய அன்னைக்குப் பக்கத்துக் காட்டுக்கு மாத்திட்டு தாழிய கழுவி போர்த்தண்ணி ரொப்பி வெச்சிருப்பேன். சாப்பாடு கட்டிட்டு வராதீங்க, ஊட்டுல சொல்லிட்டேன்.