புதுப்பிப்பு: அறிக்கை போயாச்சு, பெட்டிதான் இன்னும் மூடல

நீண்ட குடும்பப் பயணம், அதுக்கு முன்னாடி ஆபீஸ் அறிக்கைக்கு டெட்லைன், நடுவுல ரெண்டு வாண்டுங்க, எப்படிச் சமாளிக்கிறதுன்னு புலம்பியிருந்தேன் இல்லையா? அதோட தொடர்ச்சி.

கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே லீவுன்னு ஆபீஸ்ல சொல்லிடுங்கன்னு ஒருத்தர் சொன்னீங்க. அதுதான் கைகொடுத்தது. கடைசி நேரத் திருத்தமெல்லாம் சீக்கிரமே வந்து தொலைஞ்சுது. விடியக்காலையில எழுந்து வேலை பாருங்கன்னு சொன்னவங்களுக்கு ஒரு கும்பிடு. நான் எழுந்தா சின்னவனும் எழுந்துக்கிறான்.

பேக்கிங்தான் கூத்து. நான் மீட்டிங்ல மைக்கை அணைச்சுட்டு இருந்தப்போ, அடுக்கின துணியை மொத்தமா வெளியே தள்ளிட்டு, பெட்டிக்குள்ள ஏறி உட்கார்ந்துட்டான் சின்னவன். "போலாம்"னு உத்தரவு வேற! அக்காக்காரி ஜிப்பை இழுத்து மூடப் பார்க்கிறா. மீட்டிங்கை அப்படியே விட்டுட்டு ஓடினேன்.

பால் பாட்டில் பத்திக் கேட்டவங்களுக்கு: கைப்பையில திரவம் 100 மில்லிக்கு மேல விடாத விமான நிலையங்கள்லகூட, குழந்தைப் பாலுக்குப் பொதுவா விலக்கு உண்டு. சோதனையில தனியா எடுத்துக் காட்டணும். விமானம் இறங்கும்போது குடிக்கக் கொஞ்சம் மிச்சம் வைங்க; விழுங்க விழுங்கக் காதடைப்பு விடும்.

தூங்க வைக்க அலர்ஜி மருந்து கொடுக்கச் சொன்ன யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். சில குழந்தைங்களுக்கு அது தூக்கத்தைக் கலைச்சு ஆட்டம் போட வெச்சிடும்.

இனி பாக்கி, வேலையை ஒப்படைக்கிற குறிப்பு. இவங்க தூங்கினதும் எழுதணும்.