மறு: கண்மாய் கணக்கு – மஸ்கட் சித்தப்பாவுக்கு

எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பா போன வாரம் "எழுவது தாண்டிருச்சு, இனிமே கண்மாய் கணக்க சின்னப் பயலுக பாருங்கப்பா"ன்னு மடல் போட்டதுலருந்து ஒருத்தரும் வாயத் தொறக்கல. எனக்கும் என்ன எழுதுறதுன்னு ஓடல. நேத்து மகள டான்ஸ் கிளாஸ்ல விட்டுட்டு சும்மா சுத்துனப்ப ஒரு கல்லு கண்ணுல பட்டுச்சு, அதச் சொல்றேன்.

பாஸ்டன் பக்கம் எங்களுக்கு அடுத்த ஊரு ஆர்லிங்டன், அந்தக் காலத்துல மெனாடமின்னு பேரு. அங்க சாமுவேல் விட்டமோர்னு ஒரு விவசாயிக்கு நினைவுக்கல் இருக்கு. 1775 ஏப்ரல் 19, அமெரிக்க சுதந்திரப் போரு ஆரம்பிச்ச நாளு. பிரிட்டிஷ் பட்டாளம் கான்கார்டுங்கிற பக்கத்து ஊருக்கு, ஊர்க்காரங்க பதுக்குன ஆயுதத்தத் தேடிப் போயி, அடி வாங்கிட்டு பாஸ்டனுக்குத் திரும்புது, வழி நெடுக ஊர்க்காரங்க மறைஞ்சு நின்னு சுடுறாங்க, அன்னைக்கு ரத்தம் ரொம்ப ஓடுனது இந்த மெனாடமிலதான். நம்ம கெழவனாரு ஒரு கல்லுச் சுவத்துக்குப் பின்னாடி உக்காந்து துப்பாக்கியால ஒருத்தன சாய்ச்சாரு, கிட்ட வந்ததும் பிஸ்டல எடுத்து இன்னும் ரெண்டு பேரு. அப்புறம் மூஞ்சில குண்டு, விழுந்தவர பயனெட்டால, அதான் துப்பாக்கி முனையில மாட்டுற கத்தியால குத்தி, மண்டையில அடிச்சு, செத்தான்னு விட்டுட்டுப் போயிட்டானுங்க. ஊர்க்காரங்க வந்து பாத்தா மனுசன் ரத்தத்துல கெடந்தபடியே துப்பாக்கிக்குத் திரும்ப வெடிமருந்து போட்டுட்டு இருந்தாராம்! டாக்டரு கைய விரிச்சிட்டாரு. ஆனா ஆளு 1793 வரைக்கும் இருந்தாரு, அதாவது இன்னும் 18 வருசம்.

கல்லுல சண்டையப்ப வயசு 80, சாவும்போது 98னு வெட்டியிருக்கு. அவரு பொறந்தது 1696 வாக்குலன்னு சொல்றாங்க, அப்படின்னா 78, 96தான் வரும். நம்மூரு பெருசுகளுக்கு ரெண்டு வயசு கூட்டிச் சொல்ற பழக்கம் இங்கயும் இருக்கு போல.

அதே நாளு அதே ஊர்ல இன்னொரு கூத்து. எளவட்டமெல்லாம் சண்டைக்குப் போயிட்டதால, வயசாயிருச்சுன்னு விட்டுட்டுப் போன பெருசுங்க ஒரு பத்துப் பன்னெண்டு பேரு, டேவிட் லாம்சன்ங்கிறவரு தலைமையில, பட்டாளத்தோட சாமான் வண்டிய மறிச்சுப் புடிச்சிட்டாங்க. தப்பிச்சு ஓடுன சிப்பாய்ங்க, கீரை புடுங்கிட்டு இருந்த ஒரு பாட்டிகிட்ட போயி சரணடைஞ்சாங்கன்னு ஒரு கதை உண்டு. நெசமோ பொய்யோ, எனக்கு ரொம்பப் புடிச்சது அந்தப் பாட்டிதான்.

மூணு பேர சுட்டத நான் பெருசா நெனைக்கல சித்தப்பா, செத்தவனுங்களும் யாரு பெத்த புள்ளைகளோ. அந்த வெடிமருந்து போட்ட கைதான் ராத்திரி பூரா கண்ணுக்குள்ளயே நின்னுச்சு.

அதனால மடை ரிப்பேர் கணக்கு உங்ககிட்டயே இருக்கட்டும். எக்செல்ல ஏத்துறது, ரசீத ஸ்கேன் பண்றது எல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க வழக்கம்போல நோட்டுல எழுதி வாட்ஸ்அப்ல போட்டோ மட்டும் அனுப்புங்க. ஆனா போன தடவ மாதிரி தலைகீழா எடுக்காதீங்க.